சார்வாளுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

தம்பி பத்தாவது பாஸ். ஐந்து பாடமும். நெட்டில் மார்க் பார்த்ததிலிருந்து அம்மா போனும் கையுமாகவே இருக்கிறாள். மதுரைச் சித்தி முதல் பால்காரர் வரை ஒருத்தர் பாக்கியில்லை. அவளுக்கு எழுத வராது, அதனால் இந்த மடல் என் பங்கு. போன வருசம் எங்கள் வீட்டில் நடந்தது முக்கூடல் வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. அதை மறுபடி கிளறப் போவதில்லை.

முதல் நன்றி சார்வாளுக்கு. பெயர் போட்டால் கோபப்படுவார். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குச் சார்வாள் நடத்தும் மாலை வகுப்பில் தம்பியைச் சேர்த்துவிட்டு நான் பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரி டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நாள் போனவன் நின்றுவிட்டான். பள்ளிக்கூடமாக இருந்தால் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். சார்வாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு எனக்கு லீவு, நானும் இருந்தேன். பட்டாசலில் அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுத்திக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தான். அவர் தலையைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "இருடே, இருடே" என்று சொல்லிக்கொண்டே அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஏன் வரவில்லை என்று கேட்பார், அம்மா அழுவாள், இவன் முறைப்பான் என்று நினைத்துக்கொண்டே நான் அடுப்படியில் காப்பி போட்டேன். அவர் கத்தரிக்கோலை வாங்கி, ஈரச்சாக்கிலிருந்து ஒரு இலையை எடுத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெட்டு கோணல்மாணல். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல சார்வாள். தடிச்ச நரம்பு நடுவுல வந்தா சுத்தும்போது கீறிப் போவும். தகட்டச் சாச்சு வையுங்க."

"எங்க, நீ ஒண்ணு வெட்டிக் காட்டு."

வெட்டிக் காட்டினான். அவர் மறுபடி வெட்டினார், மறுபடி தப்பு. இவன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் அவன் சிரித்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. பிறகு தூள் எவ்வளவு வைக்கணும், நூலை எங்கே சுத்தணும், கட்டுக்கு 25 என்றால் ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று அவர் கேட்கக் கேட்க இவன் சொல்லிக்கொண்டே போனான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஒற்றை இலக்கம் வாங்கினவன், நாற்பது கட்டு என்று யோசிக்காமல் சொன்னான். சார்வாள் அதைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். காப்பியைக் குடித்தார். "மிச்சத்த நாளைக்கு வந்து சொல்லிக் குடுடே, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் போனான். அப்புறம் நிற்கவில்லை.

ஒன்றும் தெரியாதவன் என்றே சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளையிடம் ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார். இதை எந்தத் திட்டத்தில், எந்தத் தலைப்பின் கீழ் எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், படிப்பை நிறுத்திய பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரைக்கும்தான். 1988-இல் தொடங்கிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், நடந்த காலத்தில், 14-ஓடு சரி. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியும் தொடங்கியபோதே எட்டாம் வகுப்பு வரைதான். எட்டு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. அதனால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறவனும் ஒன்பதுக்கு வந்துவிடுகிறான், அங்கேதான் குப்புற விழுகிறான். விழும்போது அவனுக்கு வயது 14 தாண்டியிருக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இடைவெளியில் போய்த்தான் திருப்பூர் பஸ் ஏறினார்கள்.

மாலை வகுப்பு அந்த இடத்தில் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பீடிக்கடையில் சரக்கு ஒப்படைத்துவிட்டு வருகிற நேரம் பார்த்து வகுப்பு. வாசிப்பில் பின்தங்கினவர்களுக்குத் தொடக்கப் பள்ளிகளில் இருந்த பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள், அதிலும் எந்த வகுப்புக்கு உரியது என்று இருக்கிற இடத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீசை அரும்பின பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மறுநாள் வரமாட்டான். வராதவன் வீட்டுக்கு யாராவது போகிறார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் சார்வாள் சைக்கிளுக்கு டியூப் மாற்றிக் கொடுங்கள்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன், கோவிக்க வேண்டாம். பள்ளியில் சேராமல் நேரடியாகப் பரீட்சை எழுதுகிற தம்பி மாதிரித் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கு வந்தபோது அவர்களை ஓரம் கட்டாமல் தன் மாணவர்களோடு நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்த அறிவியல் டீச்சர் (செய்முறைக்கு உள்ள 25 மார்க்தான் இவனைக் கரையேற்றியது), விண்ணப்பத்தின் கடைசித் தேதியை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்த சேவை மையத்து மைனி, சமூக அறிவியல் நோட்டைக் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துத் தந்த கடைக்கார அண்ணாச்சி, பரீட்சை நாட்களில் இட்லி அவித்து அனுப்பிய எதிர்வீட்டு ஆச்சி, எல்லாருக்கும்.

"பத்தாவது முடிச்சு என்ன கலெக்டராவா ஆவப் போறான்" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டவருக்கும் நன்றி. அந்தக் கோபத்தில்தான் இங்கிலீஷ் புத்தகத்தைத் தொட்டான். கலெக்டர் இல்லை மாமா, பேட்டை ஐடிஐ. எட்டாவதுக்கு வெல்டர் மாதிரிச் சில பிரிவுகள்தான் கிடைக்கும், எலக்ட்ரீஷியன் கேட்கப் பத்தாவது வேண்டும். அவன் எலக்ட்ரீஷியன் கேட்கப் போகிறான்.

டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இனி நான் அங்கே அறிவியல் எடுக்கிறேன். சார்வாளிடம் சொல்லியாச்சு. "வா தாயி, ஆனா ஆஸ்பத்திரியில போடுத சத்தத்த இங்க போடக்கூடாது" என்றார். பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், முக்கியமாகக் கணக்கு, வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். தம்பி வந்து வாங்கிக்கொள்வான்.