டார்மருக்கு ஒரு வழி வையுங்கள்: கட்டட எரிசக்தி மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வீட்டுக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று கணக்கிடும் உங்கள் மென்பொருளில் டார்மர், அதாவது சாய்வுக் கூரையிலிருந்து தனக்கென ஒரு சிறு கூரையோடு துருத்தி நிற்கும் ஜன்னல், வைக்க வழியில்லை என்று புகார் எழுதியிருந்தேன். போன வாரம் அதை 'தீர்ந்தது' என்று மூடிவிட்டீர்கள். எப்படித் தீர்ந்தது என்று திறந்து பார்த்தேன். சாய்வுக் கூரையைத் தட்டையாக மாற்றிக்கொள்ளவும், டார்மரை விட்டுவிடவும், முடிவில் பெரிய வித்தியாசம் வராது. இவ்வளவுதான் பதில்.

விவரம் ஏற்கெனவே எழுதியதுதான். ராயபுரத்தில், 1856இல் திறந்த அந்த ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய மங்களூர் ஓட்டு வீடு. கூடத்துக்கு நேர் மேலே கூரை. அதில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு டார்மர் ஜன்னல்கள். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர், கூடத்தில் டியூஷன் எடுக்கிறார். ஏசி போடுவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த ரெண்டு ஜன்னலையும் பலகை வச்சு அடைச்சிடலாமா தம்பி, இல்ல அப்படியே இருக்கட்டுமா?"

கேள்வியே டார்மரைப் பற்றியது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்கிறீர்கள்.

விடாமல் போட்டும் பார்த்தேன். உங்கள் கூரைப் பட்டியலில் டார்மர் கிடையாது, கையால்தான் கட்ட வேண்டும். ஒரு டார்மர் என்றால் ஐந்து மூலை முன்சுவர் ஒன்று, பக்கத்துக்கு ஒரு முக்கோணம், மேலே இரண்டு சரிவுகள். 5 பரப்புகள், 19 முனைகள், முனைக்கு மூன்று எண் வீதம் 57 எண்கள். ஜன்னலுக்கு இன்னும் 12. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே இடஞ்சுழியாக வர வேண்டும். ஒரு முக்கோணம் வலஞ்சுழியாகிவிட்டால் சுவரின் வெளிப்பக்கம் உள்ளே திரும்பிக்கொள்ளும். அப்புறம் பெரிய கூரையில் ஓட்டை போட வேண்டும். உங்கள் மென்பொருளில் ஓட்டை உள்ள பரப்புக்கு இடமில்லை. ஆகவே கூரையைத் துண்டு துண்டாக நறுக்கி ஓட்டையைச் சுற்றி அடுக்கினேன். 'ஜோன் மூடப்படவில்லை' என்று வந்தது; அதாவது, சுவரும் கூரையும் சூழ்ந்த காற்றறை எங்கோ திறந்திருக்கிறதாம். எங்கே மூடவில்லை? அது மட்டும் வரவில்லை. தெற்கு டார்மர் முக்கோணத்தின் மேல் முனையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததை நான் கண்டுபிடித்தபோது மணி நாலரை, கீழே டீக்கடையில் பாய்லர் பற்றவைத்துவிட்டார்கள். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். நீங்கள் கூரையைப் பிய்க்கவே விடவில்லை.

டார்மரைத் தனி ஜோனாக வைத்துக் கூரைமேல் உட்காரவைக்கலாம் என்று உங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது. உட்காரும், சரி. ஆனால் ஓட்டை விழாது. கூடத்துச் சூடான காற்று முகட்டுக்கு ஏறி அந்த ஜன்னல் வழியாக வெளியே போவதற்குத்தானே அதை அங்கே வைத்தார்கள்? உங்கள் மாதிரியில் காற்று ஓட்டுக்கு அடியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

பெரிய வித்தியாசம் வராதாம். 30 டிகிரி சரிவுக் கூரையைத் தட்டையாக்கினால், 115 சதுர மீட்டர் ஓடு 100 ஆகிவிடும். முகட்டுக்குக் கீழே இருக்கும் காற்று மொத்தமும் காணாமல் போகும். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்றும் உங்கள் ஆலோசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஊரில் விழாமல் இருக்கலாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி முழுக்க அந்த ஜன்னல் வழியாகத்தான் வெயில் கூடத்துக்குள் இறங்குகிறது. உங்கள் எஞ்சினுக்கே இது தெரியும், சூரியன் இருக்கும் இடத்தை அது சரியாகத்தான் கணக்கிடுகிறது. ஜன்னலைத்தான் வைக்க முடியவில்லை.

சந்தா மட்டும் தவறாமல் டாலரில் ஏறுகிறது. இந்த வருடப் பதிப்பில் பொத்தான்களுக்குப் புது நிறம் கொடுத்திருக்கிறீர்கள், நன்றாகவே இருக்கிறது. தரைக்கு முப்பது வகைக் கம்பளம் வேறு. காசிமேட்டு உப்புக்காற்றில் கம்பளம் விரிக்கிறவர் யாராவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள். டார்மர் நீங்கள் கேள்விப்படாத பொருளும் இல்லை; பனி கொட்டும் உங்கள் ஊர் வீடுகளில் தெருவுக்குத் தெரு இருப்பதுதான். அங்கே இருப்பவர்களும் தட்டைக் கூரை வரைந்துதான் கணக்குப் போடுகிறார்களா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். டார்மருக்கு ஒரு வழி வையுங்கள். அகலம், உயரம், எந்தச் சரிவில், முகட்டிலிருந்து எவ்வளவு கீழே என்று நான்கு விவரம் கொடுத்தால், கூரையை வெட்டி, டார்மரை ஒட்டி, உள்ளே ஒரே ஜோனாக மூடித் தரட்டும். அது உடனே முடியாதென்றால், எந்த முனை சேரவில்லை என்பதையாவது திரையில் சிவப்பாகக் காட்டட்டும். என் கோப்பை எப்போது கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன்.

டீச்சர் நேற்றும் போன் செய்து கேட்டார். "இன்னும் ரெண்டு நாள்மா" என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் புகாரின் மேல் இருக்கும் 'தீர்ந்தது' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து
உங்கள் சந்தாதாரர் ஒருவன்