கறுப்புக் கட்டை ஐந்தில் எத்தனை ராகம்?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்போது கூப்பிட்டாலும் ஆத்தா போனை எடுப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாய். அந்த நேரத்தில் நம் வீட்டு முகப்பில் ஏழெட்டுப் பேர் கூடி சங்கீதப் புதிர் போட்டுக்கொண்டிருப்போம் கண்ணு, போன்களையெல்லாம் வளவுக்குள் வைத்துவிட்டுத்தான் உட்காருவது. கையில் இருந்தால் யாராவது தேடிப் பார்த்து விடையைச் சொல்லிவிடுவார்கள், அதோடு புதிர் செத்தது.

கோயிலில் நாகசுரம் வாசிக்கிறவர் வருவார், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன், மிருதங்கம் படிக்கிற ஒரு பையன், அப்புறம் அடுத்த வீட்டு ஆச்சி. ஆச்சி யாரிடமும் பாட்டுக் கற்றுக்கொண்டதில்லை, எல்லாம் திருச்சி ரேடியோ கேட்டு வந்த ஞானம், ஆனால் ராகத்தை இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துவிடுவார்.

போன வாரம் நாகசுரக்காரர் என் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டு எத்தனை ராகம் வாசிக்கலாம் என்று கேட்டார். ஒரு ஸ்தாயியில் கறுப்புக் கட்டை ஐந்துதான். மூன்றாகச் சேர்ந்து நிற்பதில் முதல் கட்டையை ஸட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக வைத்து ஏறினால் மோகனம், இது எல்லோரும் சொல்லிவிட்டோம். அதற்கு அடுத்த கட்டையை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி. மூன்றாவதிலிருந்து பையன் ஏறி இறங்கினான், யாரும் வாய் திறக்கவில்லை, ஆச்சி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ‘சாமஜவரகமனா’ என்று மெல்ல எடுத்தார் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கீர்த்தனையின் ராகம்தான் அது, ஹிந்தோளம்! இரண்டாகச் சேர்ந்து நிற்பதில் முதலாவது சுத்த சாவேரி. கடைசிக் கட்டைக்கு அண்ணன் சுத்த தன்யாசி என்றார், பையன் உதயரவிசந்திரிகா என்றான், இரண்டும் ஒன்றா வேறா என்று இருட்டும் வரைக்கும் பேச்சு ஓடியது, சுட்டு வைத்த வெள்ளைப் பணியாரம் ஆறிப்போனதுகூட யாருக்கும் தெரியவில்லை. ஸ்வரம் அதே ஐந்துதான், ஆதாரம் நகர்ந்தால் ராகம் மாறுகிறது. கிரகபேதம் என்று புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் காதுக்குள் இறங்கியது.

நல்ல புதிர் என்றால் பாடிப் பார்த்தால் விடை வர வேண்டும், வெறும் ஞாபகத்தைச் சோதிப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் நம் ஊரைப் பற்றியது வந்தால் விடமாட்டேன். 1952-இல் சங்கீத நாடக அகாதெமி முதன்முதலாக விருது கொடுத்தபோது கர்நாடக சங்கீதத்துக்காக வாங்கிய இரண்டு பேருக்கும் என்ன பொருத்தம் என்று அண்ணன் கேட்டார். ஒருவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இன்னொருவர் வீணை காரைக்குடி சாம்பசிவ ஐயர், இரண்டு பேர் பெயரிலும் நம் மண்! அதைப் பிடித்துக்கொண்டு, அரியக்குடியிலிருந்து தியாகராஜர் வரை குரு வழியாகப் போய்ச் சேர் என்றார் நாகசுரக்காரர். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் என்று ஒருவர் சொல்ல, பட்டணம் சுப்பிரமணிய ஐயர் என்று அடுத்தவர் சொல்ல, மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் பெயரை நான் சொன்னேன், அதற்கு மேலே தியாகராஜரே. தனியாக உட்கார்ந்திருந்தால் எங்களில் யாருக்கும் முழுதாக வந்திருக்காது.

நீ சின்ன வயதில் வீணை வாசித்த கை. அங்கே மெல்போர்னில் சங்கீதம் பேச ஆள் இல்லை என்கிறாய், அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் இனி ஞாயிறன்று ஒரு போனை மட்டும் முகப்பில் வைக்கச் சொல்லிவிட்டேன், நீ எங்களோடு உட்காருவதற்காக.

வருவதற்குள் இதை யோசித்து வை. தாய் ராக வரிசையில் சங்கராபரணம் 29-ஆவது மேளம், அதில் ‘ம’வை மட்டும் அடுத்த கட்டைக்கு ஏற்றிப் பிரதி மத்தியமமாக மாற்றினால் 36 தள்ளி 65-இல் கல்யாணி. சரி, தோடியில் அதே மாதிரி மாற்றினால் எந்த ராகம்? போனில் தேடாதே, பாடிப் பார். ஆச்சி உன் வாயால் கேட்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் ஆத்தா