செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடைச் சுற்றுலாவும் தமிழ் வகுப்புகளும் வழக்கம்போல் நடந்தேறின. வரவுசெலவைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் குறித்து நம் வட்டாரச் சமூக அருங்காட்சியகம் அக்டோபரில் அமைத்த கண்காட்சிக்குத் தமிழ் விளக்கங்கள் எழுதிக் கொடுத்ததே இவ்வாண்டின் புதிய பணி.

பிறர் வரலாற்றில் நமக்கென்ன வேலை என்று செயற்குழுவில் எழுந்த கேள்விக்குக் கண்காட்சியே விடை தந்தது. 1963இல் பிரிஸ்டல் ஆம்னிபஸ் நிறுவனம் கறுப்பினத்தவரை மட்டுமன்றி ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்க்க மறுத்து வந்தது. கை பெய்லி என்னும் இளைஞருக்குத் தொலைபேசியில் நேர்முகத் தேர்வு உறுதிசெய்த அந்நிறுவனம், அவர் மேற்கிந்தியர், அதாவது கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர், என்று போராட்டத்தின் முன்னணியில் நின்ற பால் ஸ்டீபன்சன் தெரிவித்ததும் அதை ரத்துசெய்தது. ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி முதலியோர் ஏப்ரல் இறுதியில் அறிவித்த பேருந்துப் புறக்கணிப்பு, நிறுவனம் ஆகஸ்ட் 28 அன்று தடையை நீக்கியதோடு வெற்றி கண்டது. செப்டம்பரில் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகப் பணியேற்ற ரக்பீர் சிங் ஒரு சீக்கியர். தெருவில் இறங்கியவர்கள் மேற்கிந்தியர்கள்; கதவு திறந்தபோது அதன்வழி முதலில் நுழைந்தவர் நம் துணைக்கண்டத்தவர். தடையைக் கறுப்பினத்தவர்மீது மட்டுமே விதித்ததாக எழுதியிருந்த நம் முதல் வரைவை இதனாலேயே திருத்த நேர்ந்தது, அப்பிழை என்னுடையது.

நான் நெடுநேரம் நின்றது தொழிற்சங்கப் பலகையின் முன்னால்தான். வெள்ளையரல்லாதோரைப் பேருந்துப் பணியில் சேர்க்கக் கூடாது என்று 1955இலேயே தீர்மானம் இயற்றியது அந்நிறுவனத் தொழிலாளரின் சங்கக் கிளையே. அதன் வழிவந்த யுனைட் தொழிற்சங்கம் மன்னிப்புக் கேட்டது 2013இல். தானும் ஒரு சங்கத்தின் செயலாளராக இருப்பவனுக்கு இது எளிதில் கடந்துபோகக்கூடிய பலகையன்று.

மொழிபெயர்ப்பில் ஒரு சிறு சச்சரவும் உண்டு. 'பாய்காட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈழத்து உறுப்பினர்கள் 'பகிஷ்கரிப்பு' என்றே எழுத வேண்டும் என்றனர். தமிழகத்தார் 'புறக்கணிப்பு' என்பதை விடவில்லை. இரண்டு கூட்டங்கள் இதற்கே செலவாயின. முடிவில் தலைப்பில் ஒரு சொல்லும் விளக்கத்தில் மற்றதும் இடம்பெற்றன.

கண்காட்சி முடிந்தபின் தமிழ்ப் பலகைகளை அருங்காட்சியகம் நமக்கே அளித்துவிட்டது. அவற்றை வைக்கச் சங்க அறையில் இடமில்லாமையால், தமிழ் வகுப்பு நடைபெறும் கூடத்துச் சுவரில் மாட்ட அனுமதி கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்