அது தூக்கமல்ல, சர்க்கரை இறங்கியிருந்தது

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன மாதம் தேர்வு நேரத்தில் மேசையில் தலை சாய்த்திருந்த ஒரு பிள்ளையை அதட்டிவிட்டேன். பதில் வெடுக்கென்று வந்தது, எனக்கும் கோபம் ஏறியது. கழுத்தெல்லாம் வியர்த்திருப்பதைப் பக்கத்தில் இருந்த மாணவிதான் காட்டினாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு 58. அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நீரிழிவுக்காக, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசி போடும் பிள்ளைகளுக்கு இந்த அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஊசி போட்டபின் சரியாகச் சாப்பிடாமல் வந்தாலோ வழக்கத்தைவிட அதிகம் ஓடியாடினாலோ இறங்கிவிடும். விளையாட்டு நாளன்று பகலில் நன்றாக இருந்துவிட்டு இரவில் இறங்குவதும் உண்டு. கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எரிச்சலும் குழப்பமும்தான் நம்மை ஏமாற்றும்; மூளைக்குச் சர்க்கரை போதாத நேரத்தில் 'எனக்கு முடியவில்லை' என்று சொல்லக்கூடப் பிள்ளைக்குத் தோன்றாது.

ஆகவே இனி அப்படி ஒரு பிள்ளையை ஓய்வறைக்குத் தனியே அனுப்ப மாட்டோம், இருக்கும் இடத்திலேயே இனிப்பு கொடுப்போம். சுமார் 15 கிராம் வேண்டும்: அரை டம்ளர் பழச்சாறு, அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு, மருத்துவர் சொல்லும் அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, நீங்கள் தந்திருக்கும், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தைக் கொடுத்து, உடனே ஆம்புலன்ஸை அழைப்போம்.

தேர்வில் இப்படி நேர்ந்தால், தெளிந்தபின் இழந்த நேரத்தைத் திருப்பித் தருவோம். மேசையில் சாய்ந்திருந்த அந்தப் பிள்ளைக்கு அன்று நான் தரவில்லை. பிறகுதான் மறுதேர்வு வைத்தோம்.

மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'அவளுக்கு மட்டும் வகுப்பில் ஜூஸா?' என்று உங்கள் பிள்ளை கேட்டால், அது அவளுக்கு மருந்து என்று சொல்லுங்கள். இனிப்பு தின்று வந்த நோயும் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை.

இன்சுலின் போடும் பிள்ளைகளின் பெற்றோர், மருத்துவரின் குறிப்பையும் பெயர் எழுதிய குளுக்கோஸ் பொட்டலம் இரண்டையும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அப்புறம், காலையில் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் ஒரு போன் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்