இருட்டியபின் மிதிவண்டியில் வீடு திரும்பும் மாணவர்கள்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. குறுவட்டப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் மாலை 6.15க்கு முடிகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அதற்குள் இருட்டிவிடுகிறது, மழையும் சேர்ந்துகொள்கிறது. வெளியே போகும் மிதிவண்டிகளில் பலவற்றில் விளக்கே இல்லை. சில பிள்ளைகள் ஒரு கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அந்தக் கை பிரேக்கில் இருக்க வேண்டிய கை.

பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் நேராகப் பட்டால்தான் அது மின்னும். சேறு படிந்தாலோ, கேரியரில் வைத்த புத்தகப்பை தொங்கி மறைத்தாலோ இருந்தும் பயனில்லை. தானே எரியும் சிவப்பு விளக்கைப் பை மறைக்காதபடி மட்கார்டில் பொருத்துங்கள்.

முன்விளக்கைப் பொறுத்தவரை, தெருவிளக்கு உள்ள சாலைக்கு 100 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். வயல்வழிப் பாதைக்கு 200 முதல் 400 வரை வேண்டும். சார்ஜ் செய்யும் வகையும் மழை தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரமும் நல்லது. முன்கூடை உள்ள சைக்கிளில் ஹேண்டில்பாரில் மாட்டினால் கூடையே வெளிச்சத்தை மறித்துவிடும். கூடையின் முன்புறம் கட்டுங்கள். பிறகு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி எரியவிடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி, விளக்கின் உயரத்தில் பாதியளவில் விழ வேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே வருபவரின் கண் கூசும், பள்ளமும் தெரியாது. முன்விளக்கை மினுக்க விடாமல் நிலையாக எரியவிடுங்கள்.

பழைய டைனமோ இருந்தால் கழற்ற வேண்டாம். ஆனால் நனைந்த டயரில் அது வழுக்கும். வண்டி நின்றால் அணைந்துவிடும். முச்சந்தியில் நிற்கும்போதுதான் பின்னால் வருபவருக்குப் பிள்ளை தெரிய வேண்டும். எனவே பேட்டரியில் எரியும் பின்விளக்கு கட்டாயம். பையின் பின்புறமும் பெடல்களிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டுங்கள். பெடல் மேலும் கீழும் அசைவதால் ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும்.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் திங்கள் முதல், முன்னும் பின்னும் விளக்கு எரியாத மிதிவண்டியில் எந்த மாணவரையும் இருட்டில் வெளியே அனுப்ப மாட்டோம். பெற்றோர் நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

உடனே வாங்க இயலாதவர்கள் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஏற்பாடு செய்வோம். பொருத்தத் தெரியாதவர்கள் சனிக்கிழமை காலை மிதிவண்டியைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே விளக்கு மாட்டித் தந்த பெற்றோருக்கும், மழையிலும் வாசலில் வந்து காத்திருப்பவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்