கன்சோல் விளையாட்டுக்கு ஒரு முடிவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பழக்கம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரை முழுவதும் பேசியது, பிள்ளைகளை விடாமல் பிடித்துக்கொள்ளும் கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றி. அதனுடன் அச்சாகியிருந்த படத்திலோ, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கருவியான கன்சோலின் கன்ட்ரோலரை இறுகப் பற்றியிருந்த இரு கைகள். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வேலை முடிந்த பின் வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் கன்சோலில் விளையாடும், நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவன் என்ற முறையில், அந்தப் படத்துக்கும் கட்டுரைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் தோன்றியது.

நான் கன்சோலை விரும்புவதற்குக் காரணம் அதன் திரையழகோ வேகமோ அல்ல. அதில் வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன என்பதுதான். தொடக்கம் இருக்கிறது, நடு இருக்கிறது, கடைசியில் ஆக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஏறிச் செல்கின்றன. டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இருபது மணி நேரம் விளையாடி முடித்த ஒன்றை மறுநாள் மறந்தும் திறக்க மாட்டேன். நாளை நான் வந்தே ஆக வேண்டும் என்று அது என்னிடம் கேட்பதும் இல்லை.

இந்த முடிவு என்பது தானாக வந்துவிடவில்லை. தொடக்க காலத்துக் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் முடிவு என்றாலே தோல்விதான். ஆட்டம் கடினமாகிக்கொண்டே போகும், ஆடுபவர் தோற்பார், மதிப்பெண் பட்டியலில் இடம் கிடைத்தால் கிடைக்கும், அடுத்த காசு உள்ளே விழும். வீட்டுக்குள் வந்த கன்சோலுக்கு அடுத்த காசு தேவைப்படவில்லை. அதனால்தான் 1985இல் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள் என 32 கட்டங்களோடு ஒரு முழுப் பயணமாக அமைய முடிந்தது. அதில் ஆட்டத்தைச் சேவ் செய்யும், அதாவது ஆடிய இடம்வரை பதிந்துவைக்கும், வசதி கிடையாது. மின்சாரம் நின்றால் எல்லாம் முதலிலிருந்துதான். 1994 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிளேஸ்டேஷன் கன்சோலில் அதற்கென்று தனியாக ஒரு மெமரி கார்டு இருந்தது. அதில் ஆட்டங்களைப் பதிந்துவைக்க மொத்தமே 15 இடங்கள். புதிய ஆட்டத்துக்கு இடம் வேண்டுமென்றால் பழைய ஒன்றை அழித்தாக வேண்டும். எதை அழிப்பது என்று நானும் என் அண்ணனும் நடத்திய வழக்குகள் நாங்கள் விளையாடிய ஆட்டங்களைவிட நீளமானவை. முடித்த ஆட்டத்தை அழிக்கலாம், பாதியில் நிற்பதை அழிக்கக்கூடாது என்பதே கடைசியில் எங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு. முடித்தது, முடிக்காதது என்ற அந்தக் கணக்கிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

முடிவு ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2012இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளிவந்த 'ஜர்னி' என்ற விளையாட்டை ஒரே மாலையில், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். செவ்வங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தில் நடக்கத் தொடங்கித் தொலைவில் தெரியும் மலையை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான் கதை. வழியில் நம்மைப் போன்றே இன்னோர் உருவம் எதிர்ப்படும். அது கணினி இயக்கும் பொம்மை அல்ல, உலகத்தில் எங்கோ இருந்து அதே நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். அவருடன் பேச முடியாது, எழுத முடியாது, அவர் பெயரும் தெரியாது. ஒரு பட்டனை அழுத்தினால் மணியோசை போன்ற ஓர் ஒலி எழும், அதுதான் மொழி. நான் முதன்முறை விளையாடியபோது பனிக்காற்று வீசும் மலைச்சரிவில் என்னுடன் வந்தவர் எனக்காக நின்று நின்று போனார். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகே, வழியில் உடன் வந்தவர்கள் இவர்கள் என்று அந்த மனிதர்களின் பெயர்களைத் திரை காட்டியது. இடையிலேயே காட்டியிருந்தால் அது வெறும் தகவல். முடிவுக்குப் பின் காட்டியதால் சிறிது நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

இனி, நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியிலும் முடிவுள்ள நல்ல விளையாட்டுகள் இருக்கின்றன. கன்சோலிலும் முடியாத விளையாட்டுகள் பெருகிவிட்டன. பருவத்துக்குப் பருவம் புதுச் சட்டை, புது ஆயுதம், தினமும் எட்டிப் பார்த்தால் ஒரு சிறு பரிசு, இரண்டு நாள் வராவிட்டால் கைநழுவிப் போகும் ஒரு வாய்ப்பு என்று, ஆடுபவரை விடாமல் இழுத்துப் பிடிப்பதற்காகவே கட்டப்பட்டவை அவை. பழைய காசு இயந்திரம் வேறு உருவத்தில் வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டது என்றே எனக்குப் படுகிறது. தங்கள் கட்டுரையாளர் அஞ்சுவது இவற்றைத்தான் என்றால், அவரோடு எனக்கு வழக்கில்லை.

இதிலுள்ள வேடிக்கை, ஆடுபவருக்கு முடிவே இல்லாத இந்த விளையாட்டுகளை நிறுவனம் நினைத்த நாளில் முடித்துவைக்கிறது என்பது. 2014இல் வெளியான 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள், அதாவது அதை இணையம்வழி இயக்கிய நிறுவனக் கணினிகள், 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாளாக ஆடக்கூடிய பகுதிக்கும் எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று அமைக்கப்பட்டிருந்ததால், டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் அதை ஆட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 23 அன்று வெளியான 'கான்கார்ட்' என்ற இணைய விளையாட்டு செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது என்பது உண்மை. ஆனால் அது மோசமான விளையாட்டா, நல்ல விளையாட்டா என்று இனி எவரும் ஆடிப் பார்த்துச் சொல்வதற்கில்லை. மோசமான நாவலுக்குக்கூட நூலகத்தில் ஒரு பிரதி மிஞ்சும். விற்ற விளையாட்டை ஆட முடியாத நிலையில் விட்டுச் செல்லக்கூடாது என்று கோரி ஐரோப்பியக் குடிமக்கள் தொடங்கிய மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், டிஜிட்டலாக விற்கப்படும் பொருள் வெறும் பயன்படுத்தும் உரிமம்தான் என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. உரிமம் என்று எழுதிவிட்டால் மட்டும் பொருள் கைக்கு வந்துவிடாதுதான். ஆனாலும் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தும்போது நாம் செய்வது வாங்குதல் அல்ல என்பதையாவது அது ஒப்புக்கொள்ளச் செய்கிறது.

எனக்கும் ஒரு சிறு அனுபவம் நேர்ந்தது. சென்ற ஆண்டு ஆசையாக ஒரு டிஸ்க் வாங்கி உள்ளே போட்டேன்; விளையாட்டின் பெரும்பகுதியை இணையத்திலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளுமாறு அது சொன்னது. டிஸ்க் என்று நான் வாங்கியது ஏறத்தாழ ஒரு சாவி. அந்தச் சர்வர் இருக்கும்வரை சாவிக்கு வேலை, பிறகு அது வட்டமான பிளாஸ்டிக். முடித்த விளையாட்டை நண்பருக்கு இரவல் கொடுப்பதும், அவர் முடித்ததை நான் வாங்கி ஆடுவதும்தான் இந்தப் பொழுதுபோக்கை எனக்குக் கட்டுப்படியாக வைத்திருந்தன. இரவல் கொடுக்க முடியாத ஒன்றைச் சொந்தம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

முடிவு வேண்டும் என்பவன் முடிப்பதற்கான உதவியையும் மறுக்கக்கூடாது என்பதால், கடினம் பற்றியும் ஒன்று. எளிய நிலையில் ஆடுவதைச் சிலர் கேவலமாக நினைக்கிறார்கள். நான் வெட்கமின்றி எளிய நிலையில் ஆடுபவன். 2018இல் வந்த 'செலஸ்ட்' மிகக் கடினமானது என்று பெயர் பெற்ற மலையேற்ற விளையாட்டு. ஆனால் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியையும் அதை ஆக்கியவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள். விரல்கள் மெதுவாகிவிட்டவரும் உச்சிக்குப் போய்ச் சேரலாம். ஆனால் வரைபடம் முழுக்கக் குறியீடுகளைத் தெளித்து, நூறு மணி நேரம் ஏவல் வேலை வாங்கும் பெரிய விளையாட்டுகளை என்னால் தாங்க முடிவதில்லை. அவற்றுக்கு முடிவு இருந்தும் அது கண்ணில் படுவதில்லை.

பெற்றோருக்காகத் தங்கள் கட்டுரை தந்த அறிவுரை, நேரம் முடிந்ததும் கருவியை அணைத்துவிடுங்கள் என்பது. விளையாடுபவன் என்ற முறையில் இதில் ஒரு திருத்தம் சொல்லலாமா? "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சும் பிள்ளை எப்போதும் பிடிவாதம் பிடிப்பதில்லை. பல விளையாட்டுகளில் குறிப்பிட்ட இடத்தை அடைந்தால்தான் ஆட்டம் சேவ் ஆகும்; இணையத்தில் மற்றவர்களுடன் ஆடும் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கவே முடியாது. எனவே "எப்போது நிறுத்துவாய்?" என்று கேட்பதைவிட "அடுத்து எங்கே சேவ் ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள், என் அக்காள் மகனிடம் இந்தக் கேள்விக்கு ஒருமுறைகூடச் சண்டை வந்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாத விளையாட்டு என்றால், அதைத்தான் சற்று உற்றுக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாற்றைச் சேர்த்திருப்பதைக் கட்டுரை சுட்டிக்காட்டியிருந்தது. அந்த வரையறை மணிக்கணக்கை வைத்து அமைந்தது அல்ல. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு வந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடிப்பதைப் பற்றியது. கட்டுரையில் இதற்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வீடியோ கேம் தங்கள் இதழில் மருத்துவப் பக்கத்திலும் வணிகப் பக்கத்திலும் மட்டுமே வருகிறது. திரைப்படத்துக்கு விமர்சனம் எழுதுவதுபோல, மாதம் ஒரு விளையாட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். யார் ஆக்கியது, எத்தனை மணி நேரத்தில் முடியும், பக்கத்தில் அமர்ந்து இன்னொருவர் ஆட முடியுமா, இணையம் இல்லாமல் ஓடுமா, இரவல் கொடுக்க முடியுமா என்ற ஐந்து விவரங்கள் இருந்தாலே வாங்கப் போகிறவருக்கு விளம்பரங்களைவிட அதிகம் தெரிந்துவிடும். அந்தப் பத்திக்குக் கன்ட்ரோலர் படத்தையே போடுங்கள். அது அங்கே பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்