"எல்லாக் கணினிக்கும் ஒரே பென் டிரைவ்" பற்றிய முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

பணிப்பாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

இதற்கு முன்னர் உங்கள் நிறுவனத்தை ஒன்பது தடவை தொலைபேசியில் அழைத்திருக்கிறேன். மூன்று தடவை நேரிலும் வந்திருக்கிறேன். மூன்று முறைப்பாட்டு இலக்கங்கள் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே பென் டிரைவுக்கு. தயவுசெய்து நான்காவது இலக்கம் தர வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கடைசி வரை வாசித்தால் போதும்.

கடந்த மாதம் உங்கள் 128 ஜிபி பென் டிரைவை 4,850 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியின் முகப்பில் விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றின் சின்னங்களும் வரிசையாக நிற்கின்றன. கூடவே வரும் உங்கள் மென்பொருளைத் திறந்தால் "மூன்று இயங்குதளங்களுக்கும் பிரித்துத் தருக" என்று பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். நான் பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ, அரங்கேற்ற வீடியோ தொகுத்துக் கொடுப்பவள். என் மடிக்கணினியில் லினக்ஸ் வகையான உபுண்டு. எனக்கு வேலை தரும் நடன ஆசிரியையிடம் மெக். மண்டபங்களில் என்ன இருக்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பச்சைப் பொத்தானை எனக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அழுத்தினேன்.

உங்கள் பொருள் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டிரைவை மூன்று பகுதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் வேறு கோப்பு முறை, அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் விதம், போடும்: முதலில் விண்டோஸுக்கு என்று 32 ஜிபியில் ஃபேட்32, அடுத்தது மெக்குக்கு எச்எஃப்எஸ் பிளஸ், மீதி லினக்ஸுக்கு ஈஎக்ஸ்டி4. ஃபேட்32இல் ஒரு கோப்பு நான்கு ஜிபியைத் தொட முடியாது, ஒரு பைட்டாவது குறைய வேண்டும். என் அரங்கேற்ற வீடியோ 6.2 ஜிபி. 30 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடந்த இடத்தில் போட்டபோது "கோப்பு மிகப் பெரியது" என்று செய்தி வந்தது. அதனால் லினக்ஸ் பகுதியில் வைத்தேன். மூன்று பகுதிகளையும் மூன்று கணினிகளும் பார்க்கும் என்று உங்கள் துண்டுப் பிரசுரம் சொல்கிறதே!

பம்பலப்பிட்டி மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விருந்துக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள். திரைக்கு முன்னால், அரங்கேறிய பிள்ளையின் அம்மம்மா சக்கர நாற்காலியில். மண்டபக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. செருகினோம். ஒரே ஒரு பகுதிதான் தெரிந்தது, அதிலும் ஒன்றுமில்லை. அந்தப் பழைய விண்டோஸ், பென் டிரைவில் எத்தனை பகுதி இருந்தாலும் முதலாவதை மட்டுமே காட்டும். 2017இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பிறகுதான் மற்றப் பகுதிகளுக்கும் D, E போன்ற டிரைவ் எழுத்துக் கிடைத்து அவையும் தெரிய ஆரம்பித்தன. இதை நான் இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் பெட்டி அச்சிடும்போதே தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் உங்கள் அலுவலர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. மூன்றாவது அழைப்பு, தமிழுக்கு 3ஐ அழுத்தி இருபத்தேழு நிமிடம் காத்திருந்து கிடைத்த குரல். நான் ஈஎக்ஸ்டி4 என்று சொல்லி முடிக்கவில்லை. "அன்ரி, வீட்டில் தம்பிமார் யாராவது நிற்கிறார்களா? போனைக் கொடுங்கள், அவருக்கு விளங்கப்படுத்துகிறேன்" என்றார். என் வீட்டில் நிற்கும் ஒரே ஆண் எங்கள் பூனை. நான் கேட்காமலேயே, 128 ஜிபி ஏன் கணினியில் 119 என்று தெரிகிறது என்று ஐந்து நிமிடம் பாடம் நடத்தினார். ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1,024ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும் தம்பி, உங்களுக்கு மீசை முளைக்கும் முன்பே தெரியும். பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டார். உரையாடல்கள் பதிவாகின்றன என்று உங்கள் இயந்திரம் சொல்கிறது. அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

மண்டபத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். பிள்ளையின் மாமா விண்டோஸ் 10 போட்ட தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். செருகியதும் இரண்டு அறிவிப்புகள், ஒன்றன் மேல் ஒன்றாக: இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸுக்கு மற்ற இரண்டு பகுதிகளையும் படிக்கத் தெரியாது, அதனால் வெற்று டிஸ்க் என்று எண்ணி, உள்ளதை அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கிறது. நான் "வேண்டாம் அண்ணா" என்று சொல்லி வாய் மூடவில்லை, அவர் அழுத்திவிட்டார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை.

என் பதினாறு வருடப் பெயர் அந்த ஒரு சொடுக்கில் போயிற்று. நட்டம் குறைந்தது இரண்டு இலட்சம் ரூபாய். அந்தக் குடும்பம் சொந்தக்காரர் யாரிடமும் இனி என்னைச் சிபாரிசு செய்யாது, வெள்ளவத்தையில் செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். வேறு பிரதி வைத்திருக்கவில்லையா என்று கேட்பீர்கள். கேமரா அட்டைகள் இருக்கின்றன, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் பதினோரு இரவு விழித்துத் தொகுத்தது இல்லை. மடிக்கணினியில் இடம் போதாமல் அதை அழித்துவிட்டேன், உங்கள் பெட்டியில் இருந்த மூன்று சின்னங்களையும் நம்பி. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடியதில் கொஞ்சம் மீண்டது. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களோடு 213 கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அலாரிப்பு இருந்தது. வர்ணம் திறக்க மறுத்தது. தில்லானா இல்லவே இல்லை.

உங்கள் சேவை நிலையத்துக்கு வந்த கதையையும் கேளுங்கள். கொள்ளுப்பிட்டிக் கிளையில், இது விற்பனைப் பிரிவு, புறக்கோட்டைக்குப் போங்கள் என்றார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில், மழையில், நின்றுகொண்டே போனேன். புறக்கோட்டையில், பற்றுச்சீட்டில் கொள்ளுப்பிட்டிக் கிளையின் முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரை வாங்கிக்கொண்டு எப்போது வரலாம் என்று கேட்டேன். "வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள், பொறுப்பதிகாரி இருப்பார்." போனேன். கதவு பூட்டியிருந்தது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. நாட்காட்டியைப் பார்க்காதது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் குறித்துக் கொடுத்தது உங்கள் ஆள். பூட்டிய கதவில் உங்கள் விளம்பரம் ஒட்டியிருந்தது, அதே மூன்று சின்னங்களோடு. குடையை மடக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டாஞ்சேனையில் அட்டை அச்சடிக்கப் போன இடத்தில், கணினியில் இருந்த பையனிடம் சும்மா சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதற்கு அக்கா மூன்று பகுதி? முழுவதையும் ஒரே எக்ஸ்ஃபேட்டாகப் போட்டால் முடிந்தது" என்றான். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். எக்ஸ்ஃபேட்டும் ஒரு கோப்பு முறைதான், 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ் 7 படிக்கும், மெக் 2010இலிருந்து படிக்கும், லினக்ஸின் மையமான கருவுக்குள் 2019இல் 5.4ஆம் பதிப்போடு வந்துவிட்டது. 6.2 ஜிபி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஐந்து அலுவலர்களில் ஒருவராவது இந்த ஒரு வசனத்தைச் சொன்னாரா? பிரித்தே தீர வேண்டும் என்றால் விண்டோஸுக்கும் தெரிய வேண்டியதை முதலாவது பகுதியில் வையுங்கள் என்றாவது சொன்னாரா? உங்கள் பச்சைப் பொத்தானுக்கு எக்ஸ்ஃபேட் என்ற பெயரே தெரியாது!

நான் சண்டைக்கு வரவில்லை. 4,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பழைய விண்டோஸ் முதல் பகுதியை மட்டுமே காட்டும், ஃபார்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள் என்று பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். "போனைத் தம்பியிடம் கொடுங்கள்" என்றவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில். இரண்டு இலட்சத்தைப் பற்றிப் பேசலாம், அதில் நான் பிடிவாதக்காரி இல்லை.

பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை ஏற்கனவே குறித்து வைத்திருக்கிறேன், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் வாசித்துவிட்டேன். வாங்கி இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த அளவுக்குப் போக வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும் முறைப்பாட்டு இலக்கங்கள் மூன்றும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

பி.கு.: பென் டிரைவை இத்துடன் அனுப்பவில்லை. புறக்கோட்டையில் உங்கள் ஆள் அதைக் கையில் வாங்கி, "வைத்துவிட்டுப் போங்கள், ஃபார்மட் செய்து தருகிறோம்" என்றார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தில்லானாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.